மும்தாஜ் மஹல்: ஓர் அன்னையின் இறுதிப் பேறு

ஆக்ரா சென்று தாஜ்மஹாலைக் கண்டு வந்தோர் நம் புதுச்சேரியில் பலருண்டு. அதன் வெண்பளிங்கு அழகைப் புகழ்வோர், அங்கு அடங்கியிருப்பவர் பேறுகாலத்தில் உயிர்நீத்த ஒரு தாய் என்பதை எண்ணிப் பார்ப்பது குறைவு. அவ்வம்மையாரின் வரலாற்றை நம் இல்லத்துப் பெண்மணிகள் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

அவருடைய இயற்பெயர் அர்ஜுமந்த் பானு பேகம். 1593-ல் ஆஸஃப் கானின் மகளாகப் பிறந்தார். 1612-ல் இளவரசர் குர்ரமை மணந்தார். குர்ரம் தம் தந்தை ஜஹாங்கீரோடு பிணங்கி வங்காளம் வரை அலைந்த ஆண்டுகளில், கருவுற்ற உடலோடு இவரும் உடன் சென்றார். 1628-ல் கணவர் ஷாஜஹான் என்னும் பெயரில் அரியணை ஏற, இவர் பேரரசியானார். ஏழை விதவைகளின் முறையீடுகளைத் தம் தோழியார் ஸத்தியுன்னிஸா வாயிலாகக் கேட்டறிந்து உதவித்தொகை பெற்றுத் தந்தார். வசதியற்ற குமருகளின் திருமணத்திற்கும் வழி செய்தார்.

பத்தொன்பது ஆண்டு மணவாழ்வில் அவர் ஈன்ற மக்கள் 14 பேர். ஏழு பேரே வளர்ந்து ஆளாயினர்.

1631-ல் தக்காணப் போரின் பொருட்டு ஷாஜஹான் புர்ஹான்பூரில் தங்கியிருந்தார். அங்குதான் பதினான்காம் பேறு நேர்ந்தது. நெடுநேர வேதனைக்குப் பின் கவ்ஹர் ஆரா என்னும் பெண்மகவு பிறந்தது, தாய் பிழைக்கவில்லை. ஹிஜ்ரி 1040 துல்கஃதா 17, அதாவது 1631 ஜூன் 17-ல், 38-ஆம் வயதில் வஃபாத்தானார். பேறுக்குப் பின் நில்லாத உதிரப்போக்கே காரணமென்று பலரும் கருதுகின்றனர். அரண்மனையில் ஹகீம்கள் இருந்தனர். பொன்னும் பொருளும் குவிந்திருந்தன. ஆயினும் அவ்வுதிரத்தை நிறுத்தும் மருந்து அன்று எவரிடமும் இல்லை.

ஜனாஸா முதலில் தபதி ஆற்றங்கரைத் தோட்டத்தில் அடக்கப்பட்டு, ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின் மகன் ஷுஜாவின் துணையோடு ஆக்ராவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மூத்த மகள் ஜஹானாராவுக்கு அப்போது வயது 17. குடும்பப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. தாய்முகம் அறியாத கவ்ஹர் ஆரா 1706 வரை வாழ்ந்தார்.

பேறுகாலத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் பதவி உண்டென மார்க்கம் ஆறுதல் கூறுகிறது. அது பிரிந்தோருக்கான ஆறுதலேயன்றி, இருப்போரைக் கவனியாமல் விடுவதற்கான சாக்கன்று. நிஃபாஸ் நாட்களில் தாய்க்குத் தொழுகையை அறவே நீக்கி, நோன்பைப் பின்னொரு காலத்திற்குத் தள்ளி வைத்த ஷரீஅத், அவள் உடலை வீட்டார் பொருட்படுத்தாதிருக்க இடம் தருமா?

பேரரசிக்குக் கிட்டாத சிகிச்சை இன்று நம் ஊரில் ஏழைக்கும் கிட்டுகிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை உள்ளது. கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. உதிரம் மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, தாய் மயங்கினாலோ, பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கட்டும் என்று காத்திராதீர்கள். நாற்பது கழியட்டும் என்றும் இராதீர்கள். உடனே அழைத்துச் செல்லுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்கள் அனைவருக்கும் சுகப்பேறும் நீடித்த ஆயுளும் அருள்வானாக! ஆமீன்.