ஏடு யார் வீட்டில் இருந்தது? உ.வே.சா. தேடி அலைந்த கதை

குரும்பலூரில் பஸ் ஏறி பெரம்பலூர் வந்து, அங்கிருந்து அரியலூர் ரோட்டைப் பிடித்தால் செங்குணம் வரும், குன்னம் வரும். தினமும் ஆயிரம் பேர் போய் வரும் வழிதான். தமிழில் பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் சின்ன வயசில் இலக்கணம் படித்தது இந்த ஊர்களில்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரம்பலூர்ப் பக்கம் அவர் எப்படி வந்தார்?

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தார். சொந்த ஊர் தஞ்சைப் பக்கம் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். ஆதரிப்பவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, குடும்பமும் அங்கே போகும். அப்படித்தான் அரியலூர், குன்னம் என்று வாழ்க்கை நகர்ந்தது.

அரியலூரில் சடகோபையங்கார் தமிழ் ருசியைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம். செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் சொல்லிக் கொடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருமாறு வழிகாட்டியவரும் அந்த ரெட்டியார்தான். பையனும் மாயவரம் போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் குடும்பக் கடனை அடைக்க, இதே பகுதியில் உள்ள காரை கிராமத்துக்கு வந்து திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்தார்.

திருப்புமுனை எது?

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே வருடம் அக்டோபரில், ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தான் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. புத்தகமே கிடைக்காத காலம் அது.

முதலியார் தன்னிடம் இருந்த பிரதியைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் பல இடங்கள் புரியவில்லை. அது சமண காவியம். சொற்களுக்குப் பின்னால் இருக்கும் சமயக் கருத்து தெரியாமல் ஓர் அடிகூட நகராது. கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். யாருக்குமே தெரியாத நூல் என்று நினைத்தது, அந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டுக் கொண்டிருந்தது!

ஏட்டில் அப்படி என்ன கஷ்டம்?

இங்கிலாந்தில் 14-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட லட்ரல் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுத்தோல், கன்றுத்தோல் போன்றவற்றைப் பதப்படுத்தி ஏடாக்குவது அவர்கள் வழக்கம். அதில் தங்கப்பூச்சு, ஓரமெல்லாம் உழவும் அறுவடையுமாகப் படங்கள். எழுதச் சொல்லிப் பணம் கொடுத்த சர் ஜெஃப்ரி லட்ரல், தன் குலச்சின்னத்தோடு குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் படமும் உள்ளே இருக்கு. யாருடைய புத்தகம் என்ற கேள்விக்கே இடமில்லை. 1929-ல் பிரிட்டிஷ் மியூசியம் இதை 31,500 பவுண்டுக்கு வாங்கியது.

நம்ம ஓலைச்சுவடியில் பெரும்பாலும் தங்கமும் கிடையாது, படமும் கிடையாது. இரண்டு மரச்சட்டம், நடுவில் துளை, ஒரு கயிறு. எழுத்தாணியால் கீறிய எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வித்தியாசம் இருக்காது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்றும் தெரியாது. சில ஏடுகளின் கடைசியில் எழுதியவர் பெயரும் தேதியும் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு பெரிய சிக்கல், ஓலைக்கு ஆயுள் குறைவு. சில நூற்றாண்டுகளில் செல்லரித்துவிடும். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பார்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். ஆக, ஏட்டை வைத்திருப்பவர் அதைப் பூட்டி வைக்கிறாரா, பிரதி எடுக்க விடுகிறாரா என்பதில்தான் எல்லாமே இருக்கு.

கொடுத்தவர்கள், எரித்தவர்கள்

ஜைனர் அல்லாதவருக்குத் தரத் தயங்கியவர்களிடம் நண்பர்கள் மூலம் பேசி ஏடு வாங்கினார். திருவாவடுதுறை மடம் கொடுத்தது. பத்துப்பாட்டு ஏடு திருநெல்வேலி கவிராயர் வீட்டில் கிடைத்தது. குறிஞ்சிப்பாட்டில் விட்டுப்போயிருந்த பூக்களின் பெயர்கள் தருமபுரம் மடத்து ஒற்றை ஏடுகளுக்கு நடுவே அகப்பட்டன.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. வரகுணபாண்டியனின் ஏடுகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தீயில் போட்டுவிட்டோம் என்று அங்கே சொன்னார்கள். போட்டவர்களுக்கு அதில் கெட்ட எண்ணமே இல்லை, சாஸ்திரப்படி செய்ததாகத்தான் நினைத்தார்கள். அந்தத் தீயில் எந்தெந்த நூல் போச்சு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவர் செய்த முக்கியமான காரியம்

சீவக சிந்தாமணி 1887-ல் அச்சாகி வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898). தன் பதிப்புகளின் முன்பகுதியில், எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்று ஊரும் பேருமாகப் பட்டியல் போட்டார். ஆங்கிலேயப் பிரபு குலச்சின்னம் வரைந்து சொந்தம் கொண்டாடினார். நம்ம ஏடுகளைக் காப்பாற்றிய மடத்துக்கும் கவிராயருக்கும் ஜைனக் குடும்பங்களுக்கும் அப்படி எந்த அடையாளமும் இல்லை. அவர்கள் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் இந்தப் பட்டியலால்தான்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். திருவல்லிக்கேணியில் தன் வீட்டுக்கு தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். கும்பகோணம் கல்லூரி வேலையைத் தனக்கு விட்டுக்கொடுத்த தியாகராச செட்டியாரின் நினைவாக. 1942 ஏப்ரல் 28-ல், போர்ப் பயத்தால் சென்னையை விட்டுப் போயிருந்த திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

அவர் ஏடுகள் இப்போ எங்கே?

அவர் மறைந்த அடுத்த வருடம், 1943-ல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் நூலகம் தொடங்கியது. ஏடுகள் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்றும் சென்னை பெசன்ட் நகரில் இருக்கின்றன. திருவல்லிக்கேணி வீடு 2012-ல் இடிக்கப்பட்டது.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பழைய வீட்டுப் பரணில் ஒரு ஓலைக்கட்டு கிடந்தால், அது ஜாதகமாகவும் இருக்கலாம், வைத்தியமாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஆற்றில் விட்டுடாதீங்க. உ.வே.சா. நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களிலும் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.