செவிலியரைத் தேடிய மருத்துவர்

சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பேணி வளர்ப்பவள் செவிலித்தாய். இன்று நோயுற்றோரைப் பேணுவோரைச் செவிலியர் என்கிறோம். வளர்த்தலும் நோயினின்று காத்தலும் இவ்வொரு சொல்லுள் அடங்குகின்றன. இவ்விரு பணிகளையும் இணைத்துக் கைவிடப்பட்ட மழலையரின் உயிர்காத்தவர் அமெரிக்க மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர்.

இளமையும் கல்வியும்

நியூயார்க் மாநிலத்தின் பொக்கீப்சி நகரில் 1873ஆம் ஆண்டு வளமான குடும்பத்தில் சாரா பிறந்தார். பதினாறு அகவையில் தந்தையையும் உடன்பிறந்தானையும் இழந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு தம்முடையது என உணர்ந்தவர், உறவினரின் தயக்கத்தையும் மீறி மருத்துவம் பயின்று 1898இல் பட்டம் பெற்றார். 1901இல் நியூயார்க் நகர நலவாழ்வுத்துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

வருமுன் காத்தல்

அந்நாளில் அந்நகரின் ஏழையர் குடியிருப்புகளில் கோடைதோறும் வயிற்றுப்போக்கால் பச்சிளங்குழந்தைகள் பெருந்தொகையாய் மாண்டனர். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வாராமல் தடுப்பதே அறிவுடைமை எனச் சாரா எண்ணினார். 1908ஆம் ஆண்டுக் கோடையில் முப்பது செவிலியரை ஒரு வட்டாரத்திற்கு அனுப்பினார். குழந்தை பிறந்த வீடுகளுக்கு அவர்கள் சென்று, தாய்ப்பாலின் சிறப்பையும் நீராட்டும் முறையையும் காற்றோட்டத்தின் தேவையையும் கற்பித்தனர். முந்தைய கோடையைவிட அவ்வட்டாரத்தில் 1200 இறப்புகள் குறைந்தன. அவ்வாண்டே குழந்தைநலப் பிரிவு தோன்றியது. சாரா அதன் முதல் தலைவரானார்.

தாய்மடி தந்த உயிர்

கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான மருத்துவமனையின் நிலை சாராவை வருத்தியது. அங்குத் தூய்மை இருந்தது, மருத்துவமும் இருந்தது, ஆயினும் குழந்தைகள் வாடி மடிந்தன. அள்ளியெடுத்துக் கொஞ்சும் கைகள் இன்மையே அதற்குக் காரணம் என அவர் கண்டார். பிள்ளை வளர்த்துப் பழகிய ஏழைத் தாய்மாரிடம் அக்குழந்தைகளை ஒப்படைத்தார். பிழைக்கா எனக் கருதப்பட்ட குழந்தைகளும் அவர்களுள் இருந்தன.

அன்பை மட்டும் நம்பி அவர் அமைந்துவிடவில்லை. ஊதியத்திற்காகக் குழந்தையை ஏற்றுப் புறக்கணிப்போரும் இருக்கக்கூடும் அன்றோ? ஆதலின் வளர்ப்பு இல்லங்களை நலவாழ்வுத்துறையின் மேற்பார்வையில் வைத்தார். செவிலியர் அவ்வீடுகளுக்குச் சென்று குழந்தையின் நலத்தைக் கண்காணித்தனர், வளர்ப்புத்தாய்க்கு வழிகாட்டினர். மருத்துவமனையில் நிகழ்ந்ததைவிட இறப்புகள் பெரிதும் குறைந்தன.

எதிர்ப்பும் வெற்றியும்

குழந்தைகள் நோயின்றி வளர்வதால் தம் வருவாய் குறைவதாக மருத்துவர் சிலர் மேயரிடம் முறையிட்டனர். குழந்தைநலப் பிரிவையே மூடுமாறு வேண்டினர். தம் பணி பயனளிப்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லையென்று சாரா மகிழ்ந்தார். 1923இல் ஓய்வு பெற்ற அவர் 1945இல் மறைந்தார்.

பெற்றோரற்ற குழந்தையைப் பேண ஒரு வீடு வேண்டும். அவ்வீட்டை நோக்க அரசின் கண்ணும் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையெனில் குழந்தைக்குக் காப்பில்லை. சாரா ஜோசபின் பேக்கரின் வாழ்வு உணர்த்தும் உண்மை இதுவே.