விளங்கும் மொழியில் வைத்தியம்: கிறீன் வைத்தியரின் வாழ்வு

2007இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, வாவிக்கு இக்கரையில் ஒரு முகாமில் இருந்தோம். தம்பிக்குக் கடும் காய்ச்சல். ஒரு வைத்தியசாலையில் மருந்து தந்தார்கள். உறையில் எழுதியிருந்த மொழி அம்மாவுக்கு விளங்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊகத்தில் மருந்தைப் பருக்கினார். தம்பி பிழைத்துக்கொண்டான். அம்மாவின் பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பல வருடங்களின் பின் சாமுவேல் கிறீன் வைத்தியரின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த உறைதான் நினைவுக்கு வந்தது.

1822இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் நகரில் பிறந்தவர் அவர். 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அப்போது வயது சுமார் 25. அடுத்த வருடமே மானிப்பாயில் வைத்திய நிலையம் அமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவார்கள், கிராமத்து நோயாளி தனித்துவிடுவார் என்பதை அவர் கண்டார். தானே தமிழைக் கற்றார். 1862இல் இரண்டாம் முறை வந்தபின் வைத்திய வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

பாடநூல் இல்லாமல் வகுப்பு நடக்குமா? மாணவர்களோடு சேர்ந்து நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றோடு சுகாதாரத்தையும் சொல்லும் நூல் 1852இலேயே வந்துவிட்டது. சுகாதாரத்துக்கு அதில் வைத்த பெயர் உற்பாலனம். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் வைத்தியாகரம் என்று தொடர்ந்தது. இல்லாத சொற்களுக்குக் கலைச்சொற் பட்டியல்களும் தயாரித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேல்.

1873இல் ஊர் திரும்பினார். பிறகு இங்கு வரவேயில்லை. ஆனாலும் அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த வருடம் காலமானார். மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் விளங்காத மருந்துச் சீட்டோடு வீடு திரும்பும் தாய்மாரை நான் இப்போதும் காண்கிறேன். பிள்ளையின் நிறை ஏன் ஏறவில்லை, திரிபோஷாவை எப்படிக் கொடுப்பது, எத்தனை நேரம் மருந்து என்பதெல்லாம் தாய்க்கு விளங்கினால்தான் வைத்தியம் வீடுவரை வந்துசேரும்.

விளங்கவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள். அது வெட்கமில்லை, உங்கள் உரிமை. தமிழில் வைத்தியம் முடியும் என்பதை 150 வருடங்களுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.