தலைவர் எவ்வழி, சங்கம் அவ்வழி

ஒரு சங்கத்தின் பண்பை அதன் விதிப்புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அதைத் தோற்றுவித்த தலைவரின் நடத்தையே அதன் பண்பாகப் படிகிறது. இதற்கு டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வினும் சிறந்த சான்று நாம் அறியோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், அன்று மௌ எனப்பட்ட ஊரில் மகர் குலத்தில் பிறந்தார் அண்ணல். பள்ளியில் தாம் கொண்டுசென்ற சாக்கில் தனித்து அமர்ந்தார். பியூன் ஊற்றினாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பினார். மறுக்கப்படவே பாரசீகம் பயின்றார். பரோடா மன்னரின் உதவியால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கற்றார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியரான பின்னும், ஆசிரியர்களுக்கான பொதுக் குடத்தில் அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றியோர் சிலர் எதிர்த்தனர்.

இத்தகைய இழிவுகளைச் சுமந்தவர் பழிவாங்கும் நிறுவனமொன்றை எழுப்பியிருக்கலாம். அவர் எழுப்பியதோ வேறு. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை கண்டு, மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். 1945 ஜூலை 8இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் அதன் சித்தார்த்தா கல்லூரி பம்பாயில் தொடங்கிற்று. பகலில் வேலைக்குச் செல்லும் ஏழை இளைஞரும் பயிலக் காலை வகுப்புகள் நடந்தன. எல்லா வகுப்பினருக்கும் கதவு திறந்திருந்தது. தமக்கு மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தில் புலமை மிக்க கஜேந்திரகட்கரையே முதல் முதல்வராக அமர்த்தினார். தகுதியன்றிப் பிறப்பைப் பார்ப்பதில்லை என்னும் பாடத்தை இந்த ஒரு நியமனமே கழகத்திற்குக் கற்பித்துவிட்டது.

பெயரிலும் அவர் நோக்கம் வைத்தார். சித்தார்த்தர் புத்தராவார், 1950இல் ஔரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரிக்குப் பின்னர் வாய்த்த பெயருக்குரிய மிலிந்தரோ, நாகசேனரிடம் அஞ்சாது வினவிய மன்னர். கேள்வி கேட்கும் மாணவனையே அண்ணல் விரும்பினார் என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

1956 டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார், கல்லூரிகள் மறையவில்லை.

இளைஞர்களே! நாம் பணியாற்றிய ஊர்களில், நன்கு தொடங்கிய சங்கங்கள் சில தலைவர் மறைந்ததும் பூட்டிக் கிடந்ததைக் கண்டோம். சாவியும் கணக்கேடும் ஒருவர் மடியிலேயே இருந்தமையே காரணம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்திற்கு அந்நிலை வரலாகாது. மூத்தோராகிய நாம் கணக்கைப் பொதுவில் வைத்து, உங்கள் வினாக்களுக்கு விடையளிப்போம். நீங்கள் அஞ்சாது வினவுங்கள். நாளை அந்நாற்காலியில் அமருங்கள். அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.