மிலான் நகரின் மேய்ப்பர்

1565ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இத்தாலியின் மிலான் நகர மக்கள் தம் பேராயரை வரவேற்கத் தெருக்களில் திரண்டு நின்றனர். அவர்களுள் மிகப் பலர், தம்மோடு வாழும் பேராயர் ஒருவரை அதற்குமுன் கண்டதே இல்லை. ஏறத்தாழ 80 ஆண்டுகளாக அந்நகரின் பேராயர்கள் வேற்றூர்களிலேயே வாழ்ந்தனர்; மறைமாவட்டத்தின் வருவாய் மட்டும் அவர்களைத் தேடிச் சென்றது. அன்று நகருக்குள் நுழைந்தவருக்கு அகவை 26. அவர்தாம் சார்லஸ் பொரோமியோ.

மஜோரே ஏரிக்கரையில் உள்ள அரோனா கோட்டையில் 1538ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதிலேயே ஒரு துறவு மடத்தின் தலைமையும் அதன் வருவாயும் அவருக்கு வந்து சேர்ந்தன. சிறுவனை மடாதிபதியாக்கும் இத்தகைய வழக்கங்கள் கத்தோலிக்கத் திருச்சபையை உள்ளிருந்தே அரித்துவந்த காலம் அது. 1517இல் செருமனியில் மார்ட்டின் லூதர் எழுப்பிய எதிர்ப்புக் குரலால் வட ஐரோப்பாவின் பெரும்பகுதி உரோமையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. தாய்மாமன் நான்காம் பயஸ் என்னும் பெயரில் திருத்தந்தையானதும், 1560இல் பொரோமியோ 21 வயதிலேயே கர்தினால் ஆனார். உறவுமுறையால் பதவி பெறுதல் என்னும் குறையே அவரை உயர்த்தியது என்பதை மறைப்பதற்கில்லை.

அக்குறைகளைக் களைவதற்கென 1545இல் தொடங்கிய திரெந்து பொதுச்சங்கம் இடையிடையே தடைப்பட்டு, 1563இல் நிறைவுற்றது. அதன் இறுதிக் கட்டத்தில், உரோமையிலிருந்து மடல்கள் வாயிலாகத் திருத்தந்தையையும் சங்கத்தையும் இணைத்தவர் பொரோமியோவே. ஆயர் தம் மக்களிடையே வாழ வேண்டும். குருக்களைப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் வேண்டும் என்று சங்கம் விதித்தது. இதற்கிடையே 1562இல் அவருடைய தமையன் மறைந்தார். குடும்பத்தின் வழி நிலைக்க அவர் திருமணம் செய்ய வேண்டும் என்று உற்றார் வற்புறுத்தினர். அவரோ குருத்துவம் பெற்றார். பிறருக்கு எழுதிய விதியைத் தமக்கும் உரியதாக்கி, உரோமையின் அதிகாரத்தை விட்டு மிலானுக்கு வந்தார்.

அங்கே அவர் குருமடத்தை வளர்த்தார். மலையூர்களுக்கும் நேரில் சென்று கோவில்களையும் குருக்களையும் ஆய்ந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டி எவ்வாறு அமைய வேண்டும் என்பதுவரை விதி வகுத்தார். இக்கண்டிப்பைப் பலர் வெறுத்தனர். செல்வத்தில் திளைத்திருந்த உமிலியாத்தி என்னும் துறவற சபையைத் திருத்த முயன்றபோது, அச்சபையைச் சேர்ந்த ஒருவனே 1569இல் மாலைச் செபவேளையில் அவரைப் பின்னாலிருந்து சுட்டான். குண்டு முதுகில் பட்டும் பெரும் காயம் ஏற்படவில்லை. செபம் முடியும்வரை அவர் எழவில்லை என்பர்.

1576இல் மிலானைக் கொள்ளைநோய் தாக்கியது. ஆளுநரும் செல்வர்களும் நகரை விட்டு வெளியேறினர், பேராயர் வெளியேறவில்லை. அரண்மனையின் திரைச்சீலைகள் ஏழைகளுக்கு ஆடைகளாயின. வெள்ளிப் பாத்திரங்கள் பசித்தவர்க்கு உணவாயின. வீடுகளுக்குள் அடைபட்டோர் சாளரங்களின் வழியே திருப்பலி காணுமாறு தெருச் சந்திகளில் பீடங்கள் அமைக்கப்பட்டன. கழுத்தில் கயிறு பூண்டு, வெறுங்காலுடன் அவர் நகர வீதிகளில் பவனி சென்றார்.

அவருடைய கண்டிப்பிற்கு இருண்ட பக்கமும் உண்டு. 1583இல் சுவிட்சர்லாந்தின் மெசோல்சினா பள்ளத்தாக்கில் சீர்திருத்தக் கொள்கையினரை மீண்டும் கத்தோலிக்கத்துக்குத் திருப்பச் சென்றபோது, சூனியக்காரிகள் எனக் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள் சிலர் எரிக்கப்பட்டனர். நோயுற்றோரின் அருகில் அஞ்சாது நின்ற அவர், அப்பெண்களுக்குத் துணை நிற்கவில்லை.

1584ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவரைக் காய்ச்சல் பற்றியது. அந்நிலையிலும் அஸ்கோனா என்னும் ஊரில் கல்லூரி ஒன்றை நிறுவும் பணிக்காகச் சென்றார். அங்கிருந்து மெலிந்த உடலோடு மிலானுக்குத் திரும்பியவர், நவம்பர் 3ஆம் நாள் இரவில் தம் 46ஆம் அகவையில் காலமானார்.