ஹாரியட் டப்மன்

அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஹாரியட் டப்மன். சிறுவயதில், மேற்பார்வையாளன் ஒருவன் வேறோர் அடிமையின்மீது வீசிய இரும்பு எடைக்கல் இவர் தலையைத் தாக்கியது. திடீரென உறக்கத்தில் ஆழும் நோய் அன்றுமுதல் வாழ்நாள் முழுதும் நீடித்தது.

1849-இல் வடக்கே தப்பிச் சென்றார். உறவினர் அடிமைகளாயிருக்கத் தாம் மட்டும் விடுதலையோடு வாழ அவர் மனம் ஒப்பவில்லை. ஏறத்தாழ 13 முறை திரும்பி வந்து, பெற்றோர் உட்பட 70 பேரை இரவுகளில் அழைத்துச் சென்றார்.

அடிமைமுறை காரணமாக 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்குப் படையில் அவர் செவிலியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863-இல் கம்பாகி ஆற்றில் படைக்கப்பல்களுக்கு வழிகாட்டி, 700-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற உதவினார். இத்தனையும் செய்தவர் எழுதப் படிக்க அறியாதவர்!

1865-இல் வடக்கு வென்றது, அடிமைமுறை ஒழிந்தது. அவ்வாண்டிலேயே, படைப்பணியாளர்க்குரிய சலுகைச் சீட்டுடன் தொடர்வண்டியில் சென்ற அவரை நடத்துநர் நம்பவில்லை. ஆட்களைக் கொண்டு வேறு பெட்டிக்கு இழுத்துத் தள்ளியதில் அவர் கை காயமுற்றது. அரசும் அவர் உழைப்பை எளிதில் ஏற்கவில்லை. படைவீரராயிருந்த கணவர் மறைந்தபின் கைம்பெண் ஓய்வூதியமாக மாதம் 8 டாலர் வழங்கியது; 1899-இல்தான், அவருடைய போர்ப்பணியையும் கருதி, அதனை 20 டாலர் ஆக்கியது.

அவ்வறுமையிலும் முதியோர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். 1913-இல் அங்கேயே காலமானார்.