எழுத்துக்கு வரம்பு கண்ட வீரமாமுனிவர்

வீரமாமுனிவரைத் தேம்பாவணியின் ஆசிரியராகவே நாம் பெரிதும் போற்றுகிறோம். 3615 பாடல்கள் கொண்ட அக்காப்பியம் போற்றுதற்குரியதே. ஆயினும் கற்பார் கையில் நாள்தோறும் புழங்குவது அவர் ஆற்றிய வேறொரு தொண்டு.

இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்த பெஸ்கி, 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவில் இறங்கி, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். மக்கள் மொழியைப் புலவரிடம் முறையாகக் கற்பது தத்துவ போதகர் காலந்தொட்டு மதுரை மிசனில் இருந்த வழக்கம். பெஸ்கியும் அவ்வாறே கற்றார். ஏலாக்குறிச்சியில் உபதேசிமார்களைப் பயிற்றுவித்தார். அவர்களுக்கென 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலும் யாத்தார். (லுத்தர் சபையாரை மறுத்து எழுதிய நூல்களில் அவர் பேனா கடுமையானது, அதனை மறைப்பதற்கில்லை.)

அந்நாளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுவதே விதி. ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியை விட்டனர்; எரியும் ஏரியும் ஒன்றாயின. புலவர் இடம் நோக்கி உணர்வர். புதிதாய்ப் படிப்பவன் என் செய்வான்? முனிவர் நெடிலுக்கெனத் தனி வடிவம் வகுத்தார். எண்ணூர், திருவொற்றியூர் என்னும் பேருந்துப் பலகைகளை நம் பகுதிச் சிறுவன் தடுமாறாது படிப்பது அதனால்தான்.

1732இல் முடித்த சதுரகராதியும் அத்தகையதே. நிகண்டு மனப்பாடம் செய்தவர்க்கே பயன்படும். அகராதியோ எழுத்தறிந்த எவர்க்கும் திறக்கும். முதலெழுத்து வரிசை முன்பே உண்டு. அதனைச் சொல் முழுமைக்கும் விரித்தவர் இவர். அதன் தொடையகராதி எதுகை தேடும் நம் கவிஞர்களுக்கு இன்றும் உதவும்.

1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் கல்லூரியும், 1925இல் எழுந்த இலயோலாவும் சபையின் கல்விப் பணிக்குச் சான்றுகள். ஆயின் அவற்றின் புகழ் பெரிதும் ஆங்கிலவழிக் கல்வியால் வந்தது. முதல் தலைமுறையாய்ப் படிக்க வருவோர் மிகுந்த வடசென்னையில் நின்று நோக்குங்கால், முனிவரின் வழி தமிழ்த்துறைகளோடு நின்றுவிடலாகாது என்றே தோன்றுகிறது.

முனிவர் 1747இல் அம்பலக்காட்டில் மறைந்தார். 1773இல் சபையே கலைக்கப்பட்டது. 1816இல் எல்லிஸ் துரை அனுப்ப, முத்துசாமிப் பிள்ளை தெற்கே சென்று ஏடுகளைத் திரட்டினார். முனிவரின் வரலாற்றையும் 1822இல் எழுதினார். சந்தா சாகிபிடம் முனிவர் திவானாயிருந்தார் என்னும் கதை அவ்வழிப் பரவியதே. ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. சதுரகராதி 1824இல் சென்னையில் அச்சேறியது.